பதினாலாம் கதவு

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவள் சாருலதா. மேனேஜர் தெய்வசிகாமணி அவளுக்கு அடுத்துத்தான். இந்த வரிசையை யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்வேன். அவளே ஒருமுறை கேட்டாள், அவளிடமும் சொன்னேன். இப்போது அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கருப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் படம் இல்லை, கலர் இல்லை, வெள்ளை எழுத்து மட்டும் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. அவள் ஒரு வரி அடித்தால் அது பல வரிகளாகப் பதில் சொல்கிறது. அடித்ததை அழிக்கிறாள், உதட்டைக் கடிக்கிறாள், மறுபடி அடிக்கிறாள். என்னை மேலே கூப்பிட்டு அனுப்பியது சோதனை லிஸ்டைப் பார்த்து சரி என்று சொல்வதற்காக. நான் சரி என்று சொன்னால் இந்த லிஸ்ட் ஈரோட்டில் இருந்து எங்கள் பார்சல் ஆபீஸின் எல்லாக் கிளைகளுக்கும் போகும். "உக்காருங்க மேஸ்திரி" என்று மேனேஜர் ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். அது உருண்டு வந்து என் முழங்காலில் இடித்து நின்றது. சக்கரம் வைத்ததெல்லாம் சரக்குக்குத்தான், மனிதனுக்கு எதற்கு. நான் உட்காரவில்லை. ஏசி காற்று காக்கிச் சட்டைக்குள் புகுந்து வேர்வையைக் குளிர வைக்கிறது. கீழே குடோனில் ஆட்கள் துணிமூட்டைப் பேலைப் புரட்டுகிற சத்தம் தரை வழியாக என் காலுக்கு வருகிறது. இவர்களுக்கு வருகிறதோ என்னவோ, இவர்கள் செருப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள். என் கையில் ஃபிலிம் இருக்கிறது. அதை நான் மேஜை மேல் வைக்கவில்லை. வைத்தால் எண்ணெய்க் கையோடு மேனேஜர் எடுத்துப் பார்ப்பார். போண்டா தின்றுகொண்டிருக்கிறார். காகிதத்தில் இன்னும் ரெண்டு போண்டா மீதி இருக்கிறது, அவளுக்கு ஒன்று நீட்டினார், எனக்கு நீட்டவில்லை. நீட்டியிருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன், ஆனால் நீட்டவில்லை.

ஃபிலிம் என்றால் எக்ஸ்ரே ஃபிலிம், என்னுடைய நெஞ்சு. பெட்ஷீட் பேல் ஒன்று சரிந்து தோளில் விழுந்த வருஷம் எடுத்தது. எலும்பு ஒட்டிய பிறகு அதை வைத்து என்ன செய்வது என்று வீட்டில் பரணில் கிடந்தது. அப்போதுதான் இந்த கம்ப்யூட்டர் லிஸ்ட் வந்தது. அதற்கு முன்னால் புக்கிங் கிளார்க் வாயால் சொல்வார், நாங்கள் தூக்குவோம். லிஸ்ட் வந்ததும் ஒரே நெரிசல். ரசீது நம்பர், ஊர், அனுப்புகிறவர், வாங்குகிறவர், மார்க், எண்ணிக்கை, கதவு என்று ஒரு வரிக்குள் எறும்பு மாதிரி எழுத்து. என் ஆட்களில் பாதிப்பேருக்கு எழுத்து தெரியாது, நானே மூன்றாம் வகுப்பு. எங்களுக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு. பேலின் மேல் வியாபாரி மையால் போட்டிருக்கிற மார்க் ஒன்று, அது எந்தக் கதவுக்குப் போக வேண்டும் என்கிற எண் ஒன்று. மார்க் என்றால் இருசப்பன் ஜவுளிக்கு ஒரு நட்சத்திரமும் ரெண்டு எழுத்தும், இன்னொருத்தருக்கு நாலு கோட்டுக் கட்டம், இன்னொருத்தருக்கு ஒரு டாலர், இப்படி. சாக்கு கிழிந்தாலும் மழையில் நனைந்தாலும் மார்க் தெரியும். ஒன்றாம் கதவு கிருஷ்ணகிரி லாரி, பதினாலாம் கதவு நாகர்கோவில் லாரி. நான் பிளேடை எடுத்து என் நெஞ்சில் ரெண்டு ஜன்னல் வெட்டினேன். மார்க் இருக்கிற இடத்தில் நீளமாக ஒன்று, கதவு எண் இருக்கிற இடத்தில் ரெண்டு இலக்கம் மட்டும் தெரிகிற மாதிரி சின்னதாக ஒன்று. லிஸ்ட் மேல் ஃபிலிமை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு போனால் மற்ற எறும்பெல்லாம் கருப்புக்குள் மறைந்துவிடும், மார்க்கும் கதவும் மட்டும் ஜன்னலில் வந்து நிற்கும். ஜன்னலில் எண் வராவிட்டால் அந்தப் பேலுக்கு இன்னும் லாரி ஒதுக்கவில்லை என்று அர்த்தம், மூலையில் வைக்க வேண்டும். விலா எலும்புக்கு நடுவில் கதவு எண் தெரிகிறது என்று ஆட்கள் சிரித்தார்கள். "மேஸ்திரி நெஞ்சைத் தொறந்து காட்டறாருடா" என்றான் காளிங்கன். சிரித்தவனே அடுத்த வாரம் தன் அம்மாவின் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து எனக்கும் வெட்டிக் கொடுங்கள் என்றான். பிறகு எல்லாக் கிளையிலும் இப்படி வெட்டிக்கொண்டார்கள். யாரும் மேலே போய்ச் சொல்லவில்லை. மேலே இருந்தும் யாரும் இறங்கி வந்து, லிஸ்டை வைத்து நீங்கள் என்னய்யா செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. லிஸ்ட் வருஷக்கணக்கில் மாறாமல் வந்தது, ஒரு எழுத்து இப்படி அப்படி நகராது. நம்பிக்கை வேறு எப்படி வரும். தண்டவாளம் நேற்று இருந்த இடத்தில் இன்றைக்கும் இருக்கிறது என்றுதானே ரயில் ஓட்டுகிறவன் ஓட்டுகிறான்.

போன மாதம் ஒரு நாள் அப்படித்தான் ஃபிலிமை வைத்து இழுத்தேன். ஜன்னலில் நட்சத்திர மார்க், எதிரே ஒன்று. ஒன்றாம் கதவு என்றேன். டாலர் மார்க், எதிரே ஒன்று. ஒன்றாம் கதவு. அடுத்த சில வரி சரியாக வந்தது, ஒன்பது, பதினாறு, ஏழு. பிறகு மறுபடி நட்சத்திரம், மறுபடி ஒன்று. நடுநடுவே சில வரிகளில் எண்ணே இல்லை, மூலையில் வைக்கச் சொன்னேன். மூலை நிறைந்தது. "என்ன மேஸ்திரி, இன்னிக்குப் பூராவும் கிருஷ்ணகிரிக்கே போவுது, அங்க ஏதாச்சும் திருவிழாவா?" என்று காளிங்கன் கேட்டான். "சீட்டு சொல்லுது, தூக்குடா" என்றேன். தூக்கினான். நாகர்கோவில் கடைக்காரருடைய பெட்ஷீட்டும் துண்டும் கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தன, மூலையில் வைத்தவை மூலையிலேயே இருந்தன. நாகர்கோவில் கோட்டாறில் கோயில் கொடைத் திருவிழா, அதற்கு விற்க வேண்டிய சரக்கு. கடைக்காரர் போனில் கத்தினது மேனேஜர் அறைக் கதவு சாத்தியிருந்தும் கீழே கேட்டது என்றார்கள். மறுநாள் சாயங்காலம், லோடு ஏற்றுகிற நேரம், எல்லாக் கதவும் திறந்து கிடக்கிறது, டிரைவர்கள் நிற்கிறார்கள், என் ஆட்கள் நிற்கிறார்கள், டீக்காரர் கூட நிற்கிறார். மேனேஜர் நடுவில் வந்து நின்று என்னைப் பார்த்துச் சொன்னார். "கண்ணு அவிஞ்சு போச்சுன்னா சொல்லிப்போட்டு வூட்ல உக்காரோணும். வெளாட்டுக்கு எஞ்சரக்குத்தான் கெடச்சுதா?" அவ்வளவுதான். சத்தமாகக் கூடச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் கோபத்தில் வந்த வார்த்தை என்று விட்டிருப்பேன். நிதானமாகச் சொன்னார். என் கையில் இருந்த ஃபிலிமை வாங்கி காளிங்கனிடம் கொடுத்தார். காளிங்கன் அதை வாங்கலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தான். வாங்கிக்கொண்டான். வேறென்ன செய்வான், அவனுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். என்னைத் தார்ப்பாய் மடிக்கப் போடச் சொன்னார். தார்ப்பாய் மடிக்க கண் வேண்டாம் போலிருக்கிறது. ஆட்கள் பேல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். டீக்காரர் மட்டும் கேட்காமலே ஒரு டீயை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அந்த டீயின் மேல் ஏடு படிவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏடு நன்றாகத் தெரிந்தது. இது தெரிகிறதே, அது ஏன் தெரியாமல் போனது என்று அப்போதே ஆரம்பித்துவிட்டது.

கண் என்று அவர் சொன்னது சும்மா வாய்க்கு வந்தது அல்ல, அதுதான் விஷயம். வலது கண்ணில் புரை எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதில் ஒரு நூல் மிதக்கும். வெள்ளைச் சுவரைப் பார்த்தால் தெரியும், சாய்ந்த நூல், பார்க்கிற பக்கமெல்லாம் கூடவே வரும். டாக்டர் அது இருக்கும், கவலைப்படாதீர்கள் என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு லிஸ்டில் நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு சாய்ந்த கோடு பார்த்தேன். டாலருக்கு முன்னாலும் பார்த்தேன். அந்த நூல்தான் என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைக்க முடியும். லிஸ்டில் இனிமேல் ஒரு கோடு வரும் மேஸ்திரி என்று ஒரே ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் கோட்டைக் கோடு என்று பார்த்திருப்பேன். சொல்லவில்லை. அதனால் என் கண்ணில் இருந்த நூலும் அவர்கள் போட்ட கோடும் ஒன்றாகிவிட்டன, எது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் சோதித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பஸ் ஸ்டாண்டில் நின்று வருகிற பஸ்ஸின் நம்பரை தூரத்திலேயே படிப்பது, கிட்டே வந்ததும் சரிபார்ப்பது. சரியாகத்தான் இருக்கும். ஒரு பஸ்ஸை மட்டும் தவறாகப் படித்துவிடுவேன், அன்றைக்குச் சோறு இறங்காது. வீட்டில் காலண்டர் முன்னால் நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்ப்பேன், பிறகு மறு கண். "ஏனுங்க, காலண்டரப் பாத்து கண்ணடிச்சிட்டு நிக்கறீங்க, அதுல என்ன யாராச்சும் நடிகையா இருக்கறா?" என்றாள் பாப்பாத்தி. லட்சுமி படம். நான் சிரிக்கவில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்று அவளும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரைப் பார்த்தாள். "எனக்கு உங்களவிட மங்கலாத்தான் தெரியுது. என்னைய யாரும் வேலைய வுட்டு எடுக்கல" என்றாள். கண் ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையைக் காட்டினார்கள், கடைசி வரிக்கு முந்தின வரி வரை சொன்னேன். வயசுக்கு நல்ல கண் என்றார் டாக்டர். எனக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் செருப்பை மாட்டும்போது ஒன்று தோன்றியது. கண் சரி என்றால் அப்புறம் எது சரியில்லை. எங்கள் பெரியண்ணன் கடைசிக் காலத்தில் இட்லியைப் பார்த்துச் சோறு என்பார், மருமகளைப் பார்த்துத் தங்கச்சி என்பார். அவருக்கும் கண் நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் நான் பதினாலைப் பார்த்தேன், பார்த்ததை ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். பார்ப்பது ஒன்று, எடுத்துக்கொள்வது ஒன்று. அதற்கு எந்த ஆஸ்பத்திரியில் பலகை வைத்திருக்கிறார்கள். தார்ப்பாயை மடிக்கும்போது ஒவ்வொரு மடிப்பிலும் இதையேதான் மடித்தேன். மடித்து மடித்து அது சின்னதாகவே ஆகவில்லை.

சாருலதா அப்போதுதான் கீழே வந்தாள். கோயம்புத்தூரில் இருந்து வருகிறவள், கணினி வேலைக்குக் கம்பெனி வைத்திருக்கிற பெண். சுரிதார் துப்பட்டாவை மூக்கில் பொத்திக்கொண்டு சணல் தூசிக்கு நடுவில் நின்றாள். லிஸ்ட் திரையில் சரியாகத்தான் இருக்கிறது, கீழே மட்டும் ஏன் தப்பாகிறது என்று பார்க்க வந்தாளாம், ஏனென்றால் காளிங்கன் கையில் ஃபிலிம் போன பிறகும் தப்பு நிற்கவில்லை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. காளிங்கனுக்குத் தப்பு வந்தபோது அவனுடைய கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவள் அவன் ஃபிலிமை வைத்து இழுப்பதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தரையில், அந்தத் தூசியில், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ. இதை யாருங்க வெட்டுனது?" காளிங்கன் என்னைக் காட்டினான். அவள் எழுந்து தார்ப்பாய் அடுக்குக்குப் பக்கத்தில் வந்தாள். "ஐயா, தப்பு என்மேலதானுங்க" என்றாள். நான் மடிப்பதை நிறுத்தவில்லை. அவளாகவே சொன்னாள். இந்த லிஸ்டை நாம் மட்டும் படிக்கவில்லையாம், லேபிள் அடிக்கிற மெஷினும் படிக்கிறதாம். அதற்கு நட்சத்திரம் என்றால் எல்லாம் என்று அர்த்தமாம். இருசப்பன் பேலுக்கு லேபிள் அடி என்று கேட்டால் குடோனில் இருக்கிற எல்லாவற்றுக்கும் லேபிள் அடித்துத் தள்ளிவிட்டதாம், ரோல் தீருகிற வரைக்கும். அதை நானும் பார்த்தேன், மாடிப்படியில் லேபிள் ஆறாக ஓடியது. அதனால் நட்சத்திரம், டாலர், கட்டம் மாதிரி முரட்டுக் குறி எது வந்தாலும் அதற்கு முன்னால் ஒரு சாய்கோடு போட வைத்தாளாம். இது வெறும் குறி, கட்டளை இல்லை, பயப்படாதே என்று அந்த மெஷினுக்குச் சொல்வதற்கு. "லாரிக்கு வெளிய கம்பி நீட்டிட்டு இருந்தா செவப்புத் துணி கட்டுவமே, அது மாதிரியா அம்மிணி?" என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். "ஆமாங்கய்யா, அதேதான்" என்றாள். துணி கட்டினது சரி. ஆனால் மார்க்குக்கான இடத்தை முதலில் அளந்து, மிச்சத்தை வெற்றிடம் போட்டு நிரப்பிவிட்டு, அதற்கு அப்புறம் கோட்டைச் செருகிவிட்டாளாம். கோடு வந்த வரியில் மட்டும் பின்னால் இருக்கிறதெல்லாம் ஓர் எழுத்து தள்ளிப் போய்விட்டது. என் ஜன்னலுக்கு ரெண்டு இலக்கம்தான் அகலம். பதினாலில் நாலு விலா எலும்புக்குள் போய் ஒளிந்துகொண்டது, ஒன்று மட்டும் நின்றது. வலப்பக்கம் ஒட்டி நிற்கிற ஒற்றை எண் முழுதாகவே மறைந்துவிட்டது. திரையில் பார்க்கிறவர்களுக்கு ஓர் எழுத்து தள்ளினால் என்ன, கண் தானாகப் போய்ப் பிடித்துக்கொள்ளும். ஃபிலிமுக்குக் கண் இல்லை.

கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. அவள் முகத்தில் தூசி ஒட்டியிருந்தது. வேறு வழி தேடுகிறேன் என்று ஒரு யோசனை கேட்டாள். "இருசப்பன் ஜவுளிக்காரருகிட்டச் சொல்லி நட்சத்திரத்த எடுத்துட்டு வேற மார்க் வெக்கச் சொல்லலாங்களா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மிணி, அது அவிய அப்பாரு வெச்ச மார்க். பந்தல்ல வந்து மாப்பிள்ளைய மாத்தலாங்களான்னு கேக்கற மாதிரி இருக்குது." அவளும் சிரித்தாள். அப்போதுதான் கேட்டாள், "எம்மேல கோவமுங்களா?" "முதல்ல கெடுத்தது நீங்கதான். அடுத்தது மேனேஜரு" என்றேன். அவள் தலையை ஆட்டினாள், சரி என்று ஏற்றுக்கொண்ட மாதிரி. அன்றைக்கே மேலே போய் மேனேஜரிடம் சொல்லிவிட்டாள், தப்பு லிஸ்டில்தான், மேஸ்திரி மேல் இல்லை என்று. இது நடந்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் மறுநாள் மேனேஜர் என்னைப் படிக்கட்டுத் திருப்பத்தில் தனியாகப் பார்த்து, "மெசின்ல ஏதோ சின்னப் பிரச்சனையாமா" என்று சொல்லிவிட்டு, என் தோளை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். எலும்பு உடைந்த தோள். படிக்கட்டுத் திருப்பத்தில் யாரும் இல்லை. வார்த்தையை நாலு பேர் நடுவில் வாங்கினவனுக்கு ஆளில்லாத இடத்தில் வைத்துத் திருப்பிக் கொடுக்கிறார். அவருக்கும் மேலே முதலாளி இருக்கிறார், மெஷின் வாங்கச் சொன்னது இவர்தான், மெஷின் தப்பு என்றால் தன் தலை உருளும் என்று பயம், அது எனக்குப் புரியாமல் இல்லை. பயந்தவனைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வரும். ஆனால் அவர் பயத்தை மூட என் கண்ணைத்தான் எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

பிரிண்டர் திடுக்கென்று கத்தியது. ஊசித் தலை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடுகிறது, காகிதம் நெளிந்து நெளிந்து மேலே ஏறுகிறது. சாருலதா நாற்காலியோடு என் பக்கம் திரும்பினாள். "ஐயா, இப்போ லிஸ்ட பழைய மாதிரி கேட்டா பழைய மாதிரியே வருமுங்க, கோடு கெடையாது, ஒரு எழுத்து கூட நகராது. கோடு வேணுங்கற லேபிள் மெசின் மட்டும் கூட ஒரு வார்த்தை சேத்துக் கேட்டு வாங்கிக்கும்." இது நன்றாக இருக்கிறது. யாருக்கு வேண்டுமோ அவன் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும், வேண்டாதவன் வழியில் வந்து நிற்காதே. இதை முதல் நாளே செய்திருக்கலாம் என்று சொல்ல வாய் வந்தது, அவள் கண்ணைப் பார்த்து விழுங்கிவிட்டேன். தூங்காத கண். காகிதம் ஏறிக்கொண்டே இருக்கிறது. என் உள்ளங்கை வேர்க்கிறது, இந்த ஏசியிலும் வேர்க்கிறது, மேலே கிளம்பும்போது காளிங்கன் திருப்பிக் கொடுத்த ஃபிலிம் வழுக்குகிறது. இவ்வளவு நாளும் நினைக்காத ஒன்று இப்போது வந்து நெஞ்சில் உட்காருகிறது. லிஸ்ட் சரியாக வந்து, ஃபிலிமும் சரியாக உட்கார்ந்து, எனக்கு மட்டும் மறுபடியும் ஒன்று என்று தெரிந்தால். இந்தப் பெண் இரக்கப்பட்டுத் தன்மேல் பழியை எடுத்துக்கொண்டிருந்தால். கிழவன் பாவம், தார்ப்பாய் மடிக்கிறான், போகட்டும் என்று ஒரு கதை கட்டியிருந்தால். காளிங்கனுக்கு வந்த தப்பும் அவனாகவே எனக்காக வரவழைத்த தப்பாக இருந்தால், அவன் அப்படிச் செய்யக் கூடியவன்தான். பெரியண்ணனுக்கும் நாங்கள் அப்படித்தானே செய்தோம். இட்லியைச் சோறு என்பார், ஆமாங்கண்ணா சோறுதான் என்போம். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று சொல்கிற வீட்டில் ஒரு மனிதனுக்குத் தன் தலையைப் பற்றி எப்படித் தெரியும். பிரிண்டர் நின்றது. நின்றதும் கீழே பேல் விழுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. "கிழிச்சுக் குடும்மா, மேஸ்திரி பாக்கட்டும். சீக்கிரம், முதலாளி லைன்ல வருவாரு" என்றார் மேனேஜர், விரலைக் காகிதத்தில் துடைத்தபடி.

லிஸ்டை மேஜையில் விரித்தாள். ஓரத்து ஓட்டைகளை நேராக்கி ஃபிலிமை வைத்தேன். வைத்துவிட்டுப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெரிகிற வேப்பமரத்தைப் பார்த்தேன். மரத்தின் மேல் அந்த நூல் மிதந்தது, சாய்வாக, வழக்கம் போல. பிறகு குனிந்தேன். நட்சத்திரம், ரெண்டு எழுத்து. நட்சத்திரத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை. எதிர் ஜன்னலில் பதினாலு. ஒன்று, நாலு, ரெண்டும். வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன், பதினாலு. இடது கண்ணைப் பொத்தினேன், பதினாலு. ஃபிலிமை எடுத்துவிட்டு வெறும் காகிதத்தில் விரலை வைத்து, ஊரைத் தேடி, நாகர்கோவில் என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். "என்னுங்கய்யா வருது?" என்றாள் சாருலதா. "நீங்க படிங்க அம்மிணி" என்றேன். "பதினாலுங்க." "மேனேஜர் சார், நீங்க?" "அட பதினாலுய்யா, இதுல என்ன ஓட்டெடுப்பு?" மூன்று பேருக்கும் ஒன்றேதான். அந்தச் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன், அது நழுவிப் போகப் பார்த்தது, அவள் காலை வைத்து நிறுத்தினாள். கடைசி வரி வரை இழுத்தேன், டாலருக்கும் கட்டத்துக்கும் எண் தன் இடத்தில் நின்றது. சரி என்று இன்னும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் இந்த அறையில் என் கையில் இருந்தது. மேனேஜருடைய போன் அடித்தது. "ஆமாங்கய்யா... எல்லாஞ் சரி பண்ணியாச்சுங்க... இல்லீங்க, மெசின்ல ஒண்ணுமில்லீங்க, கீழ கொஞ்சம் கவனக்குறைவு, இப்ப நம்ம மேஸ்திரிய வெச்சே..." என்று சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். பார்த்ததும் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போனை வைத்ததும் "இன்னியிலிருந்தே பழையபடி நீங்களே ஃபிலிமப் புடிங்க மேஸ்திரி" என்றார், எனக்கு ஏதோ கொடுத்த மாதிரி. "கீழ வந்து சொல்லுங்க" என்றேன். "என்னத்த?" "அன்னிக்கு எங்க நின்னு சொன்னீங்களோ, அங்க நின்னு, அதே ஆளுங்க முன்னால, மேஸ்திரி கண்ணுல தப்பில்லன்னு." அவர் சிரித்தார். "அட, அதையெல்லாமா மனசுல வெச்சிட்டிருக்கறது? வேலை நேரத்துல ஒரு வார்த்த வரும் போவும்." "வந்துச்சு. போவல" என்றேன். சாருலதா எழுந்து நின்றாள். "சார், நானும் வரனுங்க, சேந்து சொல்லிரலாம்" என்றாள். "நீ வேலையப் பாரும்மா" என்றார். பிறகு என்னிடம், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "வரேன், ஒரு போன் பேசிட்டு வரேன், நீங்க போங்க" என்றார். நான் லிஸ்டைப் பார்த்தேன். சரி இல்லை என்று சொல்லலாம். ஒரு வார்த்தை. இவர் ஒரு மாதம் என்னைத் தொங்கவிட்ட மாதிரி நானும் இவரை ஒரு மாதம் தொங்கவிடலாம். ஆனால் லிஸ்ட் சரியாக இருந்தது. எண் தன் இடத்தில் இருந்தது. அதை இல்லை என்றால் நான் பார்த்ததை நானே இல்லை என்ற மாதிரி ஆகிவிடும், அதை என்னால் இன்னொரு முறை தாங்க முடியாது. "சரியா இருக்குது" என்றேன், அவளைப் பார்த்து. அவள் கிளைகளுக்கு அனுப்ப உட்கார்ந்தாள், உட்காரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கீழே வந்தேன். கதவுகள் திறந்திருந்தன, லாரிகள் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றன. காளிங்கன் ஓடி வந்து, "என்னாச்சு மேஸ்திரி? என்ன சொன்னாரு?" என்றான். ஆட்கள் எல்லாரும் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். நானே சொல்லிவிடலாம். சொன்னால் நம்புவார்கள், ஏற்கெனவே நம்பியிருப்பார்கள். ஆனால் அது நான் சொல்ல வேண்டியது இல்லை. "வந்து சொல்லுவாரு" என்றேன். நட்சத்திரப் பேலைப் பதினாலாம் கதவுக்குத் தூக்கச் சொன்னேன், தூக்கினார்கள். அடுத்தது ஒன்பது, அடுத்தது பதினாறு. படிக்கட்டைப் பார்த்த மாதிரிதான் நின்றுகொண்டிருக்கிறேன். யார் இறங்கி வந்தாலும் செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். கிளார்க் இறங்கினார். தண்ணீர் கேன் போடுகிறவர் ஏறி இறங்கினார். சாருலதா இறங்கி, எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். நாகர்கோவில் லாரிக்குக் கயிறு போட்டு இறுக்கிவிட்டார்கள். அவர் இன்னும் இறங்கவில்லை.